சத்தம் போடாத டிஸ்க்

அத்தியாயம் 14

அண்ணியும் சின்னவளும் பேச்சை நிறுத்தி இன்றோடு இருபத்திரண்டு நாள்.

சண்டை எதனால் என்று மறந்தவர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கு வந்த உறவுக்காரர், "மருமக என்ன வேலை பாக்கறா?" என்று கேட்டார். மாமியார் பதில் சொல்வதற்குள் அவருடைய மகள், நம் சின்னவள், முந்திக்கொண்டாள். "அண்ணிக்கு வாய்தான் வேலை!" கூடமே சிரித்தது. அண்ணி மட்டும் சிரிக்கவில்லை.

அவள் ஆறு மாதமாகக் கதைகளை வாய்விட்டுப் படித்து, பதிவு செய்து, ஆடியோ புக் நிறுவனங்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். ஒன்றும் தேறவில்லை. அந்த நேரம் பார்த்து இப்படிச் சொன்னால் யாருக்குத்தான் பொறுக்கும்? "தமாஷுக்குச் சொன்னேன்" என்றாள் சின்னவள். "நாலு பேருக்கு முன்னாடி மானத்தை வாங்கிட்டுத் தமாஷாம்" என்றாள் அண்ணி. அதுதான் கடைசிப் பேச்சு.

அன்றிலிருந்து இருவருக்கும் நடுவே மாமியார்தான் தபால். "அத்தை, உங்க பொண்ணை டீ எடுத்துக்கச் சொல்லுங்க." "அம்மா, எனக்கு டீ வேண்டாம்னு உன் மருமககிட்ட சொல்லு." மூன்று பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்துகொண்டு நடத்தும் கூத்து இது.

போன வாரம், ஒரு நிறுவனத்திலிருந்து வந்த மெயிலை அண்ணி திறந்ததோடு நிறுத்தியிருந்தோம். அதில் இருந்தது இதுதான்: 'உங்கள் குரல் எங்களுக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் குரலுக்குப் பின்னால் கர்ர் கர்ர் என்று ஏதோ அரைக்கிறது. அந்தச் சத்தம் இல்லாமல் அதே பகுதியை மறுபடி படித்து, வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அனுப்புங்கள். பிந்தினால் அடுத்தவரிடம் போய்விடுவோம்.'

அரைத்தது வேறு யாரும் இல்லை, கம்ப்யூட்டர்.

அந்தக் கம்ப்யூட்டரைப் பற்றித் தனியாகவே ஒரு தொடர் எழுதலாம். சுவிட்சைப் போட்டால் திரை தயாராகப் பதினொரு நிமிடம் ஆகும். அதனால் வீட்டில் ஒரு வழக்கமே உண்டாகிவிட்டது. யார் சுவிட்சைப் போட்டாலும், போட்ட கையோடு வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். அண்ணி துணி உலர்த்துவாள். அவள் கணவன் சவரம் செய்துகொள்வான். மாமியார் தலைக்கே குளித்துவிட்டு வந்துவிடுவார். அதற்கு மேலும் அது கொஞ்ச நேரம் அரைத்துக்கொண்டிருக்கும்.

அண்ணியின் கணவன் பெரியவன், பஸ் டிரைவர். மெயிலைப் பார்த்ததும் நாலு இடத்தில் விசாரித்தான். உள்ளே தட்டு சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க்தான் சத்தம் போடுகிறது, அதை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டால் சத்தமும் போகும், வேகமும் வரும் என்றார்கள். ரிப்பேர் கடையிலோ திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். அவன் வியாழக்கிழமை மாலை ஒரு எஸ்.எஸ்.டி.யை வாங்கி வந்து மேஜைமேல் வைத்தான். கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் தங்கையைக் கூப்பிட்டு, "உங்க கடை கம்ப்யூட்டரை நீதானே பிரிச்சு மாட்டினே? இதையும் மாட்டிக் குடு" என்றான். மறுநாள் விடிவதற்குள் டூட்டிக்குக் கிளம்பிவிட்டான். திரியைப் பற்றவைத்துவிட்டு ஓடிப்போவதில் அவனுக்கு நிகர் அவன்தான்.

ஆக, இன்று வெள்ளிக்கிழமை. கடைக்கு வார விடுமுறை. காலை பத்தரை மணி.

*

சின்னவள் கம்ப்யூட்டரின் கனத்த பெட்டியைக் கூடத்துக்கு நடுவே படுக்க வைத்திருந்தாள். பக்கத்தில் மூக்குக் கண்ணாடிக்குப் போடும் ஸ்க்ரூ டிரைவர்கள் ஏழு, வரிசையாக.

ஏழில் ஒன்றுகூட அந்த ஸ்க்ரூவுக்குப் பொருந்தவில்லை.

"யானைக்கு ஊசி போடற மாதிரி இருக்கு" என்று சிரித்தபடி மாமியார் தையல் மெஷின் டிராயரிலிருந்து தன் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து நீட்டினார். "அது சரி, புதுசு எங்கடி?"

சின்னவள் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள்.

"இவ்வளவுதானா? சோப்பு டப்பாகூட இதைவிடப் பெரிசு." மாமியார் அதை வாங்கிக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தார். "உள்ள ஒண்ணுமே இல்லடி! உங்கண்ணனை நல்லா ஏமாத்திட்டானுங்க."

"ஆடறதுக்கு எதுவும் கிடையாதும்மா. சுத்தறதும் கிடையாது. அதான் சத்தமே வராது."

சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அண்ணியின் கத்தி ஒரு நொடி நின்றது. சத்தமே வராது. அவளுக்கு ஓடிப்போய்ப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. ஆனால் இருபத்திரண்டு நாள் ரோஷம் காலைப் பிடித்துக்கொண்டது.

சின்னவளின் திட்டம் இதுதான். இரண்டு டிஸ்க்கையும் ஒரே நேரத்தில் மாட்டுவது. பழையதில் இருப்பதையெல்லாம் அப்படியே புதியதற்கு நகலெடுப்பது. பிறகு பழையதைக் கழற்றிவிடுவது. புதியதை மாட்ட ஒயர் இல்லை. யாரும் தொடாத சிடி டிரைவின் ஒயர்களைப் பிடுங்கி அதற்குச் செருகினாள். சுவிட்சைப் போட்டதும் மாமியார் வழக்கப்படி குளிக்கப் போய்விட்டுத் தலையில் துண்டோடு திரும்பினார். அப்போதுதான் திரை வெளிச்சமானது.

நகலெடுக்கும் திரையில் இரண்டு வரி. இரண்டு டிஸ்க்கும் ஒரே அளவு. பெயர்கள் வெறும் எழுத்தும் எண்ணுமாக நீளமாக இருந்தன. ஒன்று நாற்பத்தேழில் முடிந்தது, மற்றது தொண்ணூறில். எது பழசு, எது புதுசு?

புது டிஸ்க் வந்த அட்டைப்பெட்டியில் அதன் எண் இருக்கும். அந்தப் பெட்டி சமையலறை அலமாரியில் இருந்தது. நான்கு எட்டு வைத்து எட்டிக் கேட்டால் முடிந்தது. கேட்டாளா? கௌரவம் என்னாவது!

"அம்மா, புது டிஸ்க்கோட எண்ல கடைசி ரெண்டு என்னன்னு உன் மருமககிட்ட கேட்டுட்டு வா."

மாமியார் துண்டை முடிந்துகொண்டே போனார். வழியில் 'புது' உதிர்ந்துவிட்டது.

"ஏம்மா, அந்த டிஸ்க்கு எண்ல கடைசி ரெண்டு என்னவாம்?"

"எந்த டிஸ்க்கு அத்தை? பழசா?"

"டிஸ்க்குதாம்மா. எல்லாம் ஒண்ணுதானே? சட்டுனு சொல்லு, அவ காத்துக்கிட்டிருக்கா."

போன வாரம் ரிப்பேர் கடையில் கேட்டார்கள் என்று பழைய டிஸ்க்கின் எண்ணை அண்ணி நோட்டில் குறித்து வைத்திருந்தாள். அதையே பார்த்துச் சொன்னாள். "தொண்ணூறு."

"தொண்ணூறாம்" என்று கூடத்தில் வந்து ஒப்பித்தார் தபால்.

தொண்ணூறுதான் புதுசு என்று சின்னவள் எடுத்துக்கொண்டாள். நாற்பத்தேழிலிருந்து தொண்ணூறுக்கு. அதாவது காலி டிஸ்க்கை எடுத்து, எல்லாம் இருக்கும் டிஸ்க்கின்மேல் நகலெடுக்கச் சொன்னாள். 'இதிலுள்ள அனைத்தும் அழிக்கப்படும், சம்மதமா?' என்று கம்ப்யூட்டர் கேட்டது. புதுசில் அழிய என்ன இருக்கிறது? சம்மதம் என்று அழுத்தினாள்.

வெங்காயத் தட்டோடு எட்டிப் பார்த்த அண்ணியின் கண்ணில் அந்தத் திரை பட்டது. 47-லிருந்து 90-க்கு ஒரு அம்புக்குறி.

"குட்டி, நிறுத்து! தொண்ணூறு பழசுடி!"

இருபத்திரண்டு நாளில் முதல் பேச்சு அதுதான். சின்னவள் யோசிக்கவே இல்லை. சுவரிலிருந்த பிளக்கை ஒரே இழுவையாக இழுத்துவிட்டாள். வெங்காயம் தரையெல்லாம் சிதறியது.

மறுபடி பிளக்கைச் செருகிச் சுவிட்சைப் போட்டபோது கறுப்புத் திரையில் வெள்ளையாக ஒரு வரி மட்டும் வந்தது. உள்ளே சிஸ்டம் எதுவும் இல்லையாம்.

மணி பன்னிரண்டேகால்.

*

"பழசுலேயும் ஒண்ணும் இல்ல, புதுசுலேயும் ஒண்ணும் இல்ல" என்றாள் சின்னவள். முகம் வெளுத்துவிட்டது. "அண்ணி, உங்க ஆறு மாசப் பதிவு எல்லாம்..."

அண்ணி நாற்காலியில் உட்கார்ந்தாள். குடும்பப் போட்டோக்கள் ஃபோன்களில் இருந்தன, அது பரவாயில்லை. பதிவுகள் போய்விட்டன. ஆனால் அத்தனையிலும் அந்தக் கர்ர்தானே இருந்தது? அவளை அடித்துப்போட்டது அது இல்லை. ஐந்து மணிக்குள் பதிவு செய்ய இப்போது கம்ப்யூட்டரே கிடையாது. ஆறு மாதத்தில் ஒரே ஒருவர் பிடித்திருக்கிறது என்று எழுதினார். அதுவும் போயிற்று.

"என்னாலதான்" என்றாள் சின்னவள். "அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. இன்னைக்கு ஒரு வார்த்தை பேசியிருக்கணும். ரெண்டையும் மாத்திப் பண்ணிட்டேன்."

அவள் கண்ணில் நீர் நின்றது. அண்ணிக்குக் கோபம் வரவில்லை, அவளுக்கே அது ஆச்சரியம்தான்.

"நானும்தான் எந்த டிஸ்க்குன்னு உன்கிட்ட வந்து கேட்டிருக்கலாம். நாலடி தூரம்."

"அப்ப என்மேலதான் தப்புங்கறீங்களா ரெண்டு பேரும்?" என்றார் மாமியார்.

"ஆமா!" என்றார்கள் இருவரும் ஒரே குரலில். அடுத்த நொடியே மூவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நிலைமைக்குச் சற்றும் பொருந்தாத சிரிப்பு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

முதலில் சிரிப்பை நிறுத்தியவள் சின்னவள்தான். சட்டென்று எழுந்தாள். "இருங்க இருங்க. நகல் எதுக்கு? புதுசுல புதுசாவே சிஸ்டம் போட்டா என்ன? கடைக்குப் போட்ட பென் டிரைவ் என் பையிலதான் கிடக்குது!"

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"கடையில பழைய டிஸ்க்குக்கு ஒரு மத்தியானமே போச்சு. இதுக்கு எவ்வளவுன்னு எனக்கே தெரியல அண்ணி. ஆனா போடலாம்."

"போடு!"

அவள் பழைய டிஸ்க்கைக் கழற்றி மாமியார் கையில் கொடுத்தாள். செங்கல் கனம். புதியதைப் பெட்டிக்குள் இரண்டே ஸ்க்ரூவில் முடுக்கினாள். பென் டிரைவைச் செருகினாள். பத்து சதவீதம், முப்பது, அறுபது. அண்ணி ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்தாள், கிரிக்கெட் வர்ணனைபோல. "எண்பது! தொண்ணூறு! இந்தத் தொண்ணூறு நல்ல தொண்ணூறு!" பதினெட்டே நிமிடத்தில் முடிந்துவிட்டது.

"இப்ப அணைச்சுட்டுத் திரும்பப் போடறேன். பாருங்க" என்று சின்னவள் சுவிட்சைத் தட்டினாள்.

மாமியார் பழக்கதோஷத்தில் கொடித் துணியை எடுக்கக் கிளம்பினார். வாசற்படியைத் தாண்டவில்லை, பின்னால் கூச்சல். திரும்பினார். திரை பளிச்சென்று வந்து நின்றது.

"என்னடி, கெட்டுப்போச்சா?"

"வந்துடுச்சும்மா! ஒன்பது செகண்டு!"

"பொய் சொல்லாதே. இன்னொரு தடவை போடு."

போட்டாள். ஒன்பது. மாமியார் தானே ஒருமுறை போட்டுப் பார்த்தார். ஒன்பது. நான்காம் முறையும் கேட்டார். "அத்தை, மணி ஒண்ணு ஆகப்போகுது" என்று அண்ணி கும்பிட்டாள். "இனிமே நான் எப்பக் குளிக்கறது?" என்றார் மாமியார். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

*

பதிவு செய்யும் மென்பொருளை இறக்கி, மைக்கைப் பொருத்தி, சாப்பிட்டேன் என்று பேர் பண்ணிவிட்டு உட்காரும்போது இரண்டரை. அண்ணி கம்ப்யூட்டரைப் படுக்கையறைக்கு மாற்றி, சுவரோரம் மெத்தையைச் சாய்த்து நிறுத்தி, அதன் முன்னால் மைக்கை வைத்தாள். முதலில் ஒன்றும் பேசாமல் பத்து நொடி பதிவு செய்து, ஹெட்ஃபோனில் கேட்டாள்.

கர்ர் இல்லை. ஆறு மாதமாக அவள் வாக்கியங்களுக்கு நடுவே அரைத்துக்கொண்டிருந்தது அடியோடு இல்லை. அவளுக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது.

ஆனால் ஹெட்ஃபோனில் வேறொன்று கேட்டது. டிக், டிக், டிக்.

இத்தனை நாள் டிஸ்க் சத்தத்துக்கு அடியில் வீடு முழுக்க ஒளிந்துகொண்டிருந்தது. இப்போது ஒவ்வொன்றாக வெளியே வந்தது. முதல் தடவை சுவர்க் கடிகாரம் கெடுத்தது. இரண்டாம் தடவை ஃப்ரிட்ஜ் பெருமூச்சு விட்டது. மூன்றாம் தடவை மாமியாரின் வளையல். நான்காம் தடவை எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தபோது மெத்தை சரிந்து அண்ணியின் தலையில் விழுந்தது.

மணி நாலேகால்.

சின்னவள் ஃப்ரிட்ஜை அணைத்தாள். கடிகாரத்தைக் கழற்றித் துண்டில் சுற்றி அம்மாவின் மடியில் வைத்தாள். வளையல்களைக் கழற்றி வாங்கிக்கொண்டாள். சமையலறைக் கதவைச் சாத்தினாள். மாமியார் உள்ளே கைக்குழந்தையை வைத்திருப்பதுபோல் கடிகாரத்தை அணைத்துக்கொண்டு மூச்சுவிடாமல் உட்கார்ந்தார்.

"மெத்தைக்கு என்ன பண்றது?" என்றாள் அண்ணி.

"நான் பிடிச்சுக்கறேன். நீங்க படிங்க."

அவள் மெத்தைக்கும் சுவருக்கும் நடுவே புகுந்து, முதுகை மெத்தைக்குக் கொடுத்து உட்கார்ந்தாள். அண்ணி தொண்டையைச் சரிசெய்துகொண்டு தொடங்கினாள். புயலில் சிக்கிய கப்பல், அதில் சமையல்காரியாக வேலை செய்யும் ஒருத்தி. இதுவரை அண்ணி டிஸ்க் சத்தத்தை அமுக்குவதற்காகவே குரலை உயர்த்திப் படித்துவந்தாள். இன்று அந்தக் கட்டாயம் இல்லை. மெதுவாகப் படித்தாள். பயந்த இடத்தில் பயந்தாள். ஒரு இடத்தில் கிட்டத்தட்ட மூச்சிலேயே பேசினாள்.

"தண்ணீர் கணுக்கால்வரை வந்துவிட்டது. அடுப்பு அணைந்தது. மேல்தளத்தில் யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அந்தப் பெயர் இந்தக் கப்பலில் யாருக்கும் தெரியாது."

பகுதி அங்கே முடிந்தது. அண்ணி நிறுத்தும் பட்டனை அழுத்தினாள்.

மெத்தைக்குப் பின்னாலிருந்து நடுங்கும் குரல் வந்தது. "ஐயோ... அப்புறம் என்னாச்சு அண்ணி? யாரு கூப்பிட்டது?"

"எனக்கும் தெரியலையேடி! அவங்க கொடுத்ததே இவ்வளவுதான்."

"அவ சாகக் கூடாது அண்ணி. சொல்லிட்டேன்."

இருவரும் சிரித்தார்கள். சமையலறையிலிருந்து, "அஞ்சாக ஏழு நிமிஷம்!" என்று மாமியார் கத்தினார். பழைய கம்ப்யூட்டராக இருந்தால் கோப்பைத் தயார் செய்யவே அரைமணி கேட்டிருக்கும். இது கண்ணிமைப்பதற்குள் முடித்துக் கொடுத்தது. நாலு ஐம்பத்தாறுக்கு மெயில் போய்ச் சேர்ந்தது. அண்ணி சின்னவளை இழுத்துக் கட்டிக்கொண்டாள். "பண்ணிட்டோம்டி!"

டீ போட்டார்கள். ஐந்தேகாலுக்கு, அனுப்பியது எப்படி வந்திருக்கிறது என்று நிம்மதியாகக் கேட்க உட்கார்ந்தார்கள். அடுப்பு அணைந்தது. மேல்தளத்தில் யாரோ கூப்பிட்டார்கள். அதோடு நிற்கவில்லை.

'ஐயோ... அப்புறம் என்னாச்சு அண்ணி?'

அண்ணி டீயைக் கீழே வைத்தாள். பட்டனை அவள் அழுத்தியதாக நினைத்ததுதான், சரியாக அழுந்தவில்லை; அவசரத்தில் கோப்பாக்கத் தொடங்கியபோதுதான் பதிவு நின்றிருக்கிறது. சிரிப்பு உட்பட அத்தனையும் பதிவாகிப் போய்விட்டது.

"போச்சு" என்றாள். சின்னவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

*

ஐந்தே முக்காலுக்கு ஃபோன் அடித்தது. அண்ணி ஜன்னலோரம் போய் எடுத்தாள்.

"சமையல்காரி பாகம் உங்களுக்குத்தான்" என்றார் நிறுவனத்துக்காரர், முகமன்கூட இல்லாமல். "இந்தத் தடவைதான் உங்க நிஜக் குரல் கேட்டுது. எங்கம்மா இருந்தீங்க இத்தனை நாள்?"

அண்ணிக்குக் கண் நிறைந்துவிட்டது. "தேங்க்ஸ் சார்... கடைசியில ஒரு தப்பு..."

"அதைத்தான் கேக்க வந்தேன். அந்தப் பொண்ணு யாரு? கதையில கப்பல் ரேடியோவைப் பாத்துக்கற ஒரு சின்னப் பொண்ணு வரா. அந்தப் பாகத்துக்கு ரெண்டு மாசமா ஆள் தேடறோம். அவங்களும் வரணும். இருபது நாள், ரெண்டு பேரும் ஒரே அறையில உட்கார்ந்து படிக்கணும். நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு ஆரம்பம்."

மறைப்பானேன், அண்ணிக்குப் பொறாமையாக இருந்தது. ஆறு மாதம் மெத்தைக்கு முன்னால் தொண்டை வறண்டவள் இவள். மெத்தைக்குப் பின்னால் ஒரே ஒரு மூச்சு விட்டு உள்ளே வருகிறாள் அவள். 'பக்கத்து வீட்டுப் பொண்ணு, வரமாட்டா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"என்னம்மா, என்னவாம்?" மாமியார் பக்கத்தில் வந்து நின்றார். "அவகிட்ட ஏதாவது சொல்லணுமா? நான் சொல்லட்டுமா?"

"நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க அத்தை, புண்ணியமாப் போகும்!"

அண்ணி கூடத்துக்கு நடந்தாள். சின்னவள் தரையில் குனிந்து, மூலையில் ஒதுங்கிக் கிடந்த வெங்காயத்தைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அண்ணி ஃபோனை நீட்டினாள்.

"உனக்குத்தான். நீயே கேளு."

சின்னவள் கேட்டாள். "நானா?" என்றாள். "இல்ல சார், எனக்கு அதெல்லாம்..." என்றாள். காது சிவந்துவிட்டது. கடைசியில் ஃபோனை நெஞ்சோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"அண்ணி, கண்ணாடிக் கடையும் ஒன்பது மணிக்குத்தான் திறக்குது. இருபது நாள் லீவு கேட்டா முதலாளி வேலையை விட்டே அனுப்பிடுவார். அது என் பாடு, நான் பாத்துக்கறேன். ஆனா இது உங்க வேலை அண்ணி. உங்களுக்குப் பிடிக்கலைன்னா இப்பவே மாட்டேன்னு சொல்லிடறேன். உண்மையைச் சொல்லுங்க, நான் வரட்டுமா?"

அண்ணி அவள் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"உண்மையைச் சொல்லட்டுமா? எனக்கு வயிறு எரியுதுடி" என்றாள். "வா."